தாடிக்குள் புகுந்த தூசி

கொரோனா வந்துபோன பிறகு மாஸ்க்கைப் பற்றித் தெரியாதவர் என்று திண்டுக்கல்லில் ஒருவரும் இல்லை. பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுக்கிறவர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். தூசியில் வேலை செய்கிறவர்களின் மூக்கையும் நெஞ்சையும் பார்த்தே வயதான நர்ஸ் நான் என்று சொன்னால், "அப்புடியா சிஸ்டர், அப்ப இதக் கேட்டுக்கங்க" என்று அதற்கும் ஒரு யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள்வேன். ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை?

போன மாதம்தான் பொறுமை போய்விட்டது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற கம்பெனியில் கடைசியாக வேலை பார்த்தேன். எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்திருக்கும் பெண் போனில் கூப்பிட்டாள். "மேடம், கல்வேலை பாக்குற அம்புட்டுப் பேருக்கும் நல்ல ரப்பர் மாஸ்க் வாங்கிக் குடுத்துட்டோம். இனிமே தூசிக்குப் பயமே இல்ல" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இது மார்கழி மாசம். ஒங்க ஆளுகள்ல எத்தன பேரு மால போட்டுத் தாடி வச்சிருக்காங்க?" எண்ணிப் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்கு அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நர்ஸிங் டிப்ளமோ. பிறகு ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய் வார்டு. அங்கே இருமுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, இருமலைக் கேட்டே ஆள் தோல் பதனிடுகிற ஷாப்பா, பஞ்சு மில்லா, கல் உடைக்கிறவரா என்று ஊகிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பாதி நேரம் ஊகம் தப்பும். அதை வெளியே சொல்ல மாட்டேன்.

அடுத்து நூல் மில் ஒன்றின் மருந்தகத்தில் நெடுங்காலம். அங்கே கற்றுக்கொண்டது ஒரே பாடம். திங்கட்கிழமை காலையில் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்று வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி தின்றதால் என்று சூப்பர்வைசர் சொல்வார். கறி தின்னாத பெண்களும் அதே திங்கட்கிழமை வருவதை நான் காட்டியபோது, "அப்ப பருப்பா இருக்கும்" என்றார். பஞ்சுத் தூசி ஒருநாள் விடுப்புக்குப் பிறகு மறுபடி நெஞ்சைப் பிடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதைவிடப் பருப்பின் மேல் பழி போடுவது மனிதர்களுக்கு எளிது. அன்றிலிருந்து மனிதர்கள் சொல்லும் காரணங்களை நான் சிரித்துக்கொண்டே கேட்கப் பழகினேன்.

மில் மூடிய பிறகுதான் இந்தக் கம்பெனி. கோட்டைச் சுவர், கோயில் மண்டபம், பழைய பங்களா என்று எது இடிந்திருந்தாலும் எடுத்துக் கட்டுவார்கள். என் வேலை, கட்டுகிறவர்கள் இடிந்து போகாமல் பார்ப்பது.

கல் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி அவ்வளவு பொல்லாதது இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், காறித் துப்பினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிக் குடியேறுகிறது. குடியேறியது காலி செய்யாது. அந்த இடத்தில் தழும்பு விழும், தழும்பு கெட்டியாகும், சில வருஷங்களில் மாடிப்படி ஏற முடியாத ஆளாக்கிவிடும். உளி மட்டும் இருந்த காலத்தைவிட மின்சாரத்தில் சுற்றும் கல் அறுக்கும் மிஷின் வந்த பிறகு இந்தப் பொடி பல மடங்கு. மிஷினைக் கல்லில் வைத்தால் ஆள் மறைந்துபோவார். வெள்ளைப் புகையும் சத்தமும் மட்டும் இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது தூசிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லமும் ஒரு சிறுமலை வாழைப்பழமும் கொடுப்பார்கள். வெல்லம் தொண்டைத் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடுமாம். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நெஞ்சுக்குப் போகிறது, இரண்டும் எந்தச் சந்திப்பில் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிடுங்கினால் சண்டை வரும் என்று தெரிந்து, வெல்லத்தை நிறுத்தாமல் கொடுக்கிற இடத்தை மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றினேன். முகம் கை கால் கழுவி, வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் வெல்லம். வீட்டுக்குத் தூசியைச் சட்டையில் சுமந்து போவதாவது நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் தாண்டி, நடந்து போகிறவர்கள் தங்குவதற்காக எப்போதோ கட்டிய ஒரு கல் சத்திரம். கூரைப் பாவுகற்கள் பிளந்து, தூண்களின் தலையில் உத்தரத்தைத் தாங்குகிற போதிகைகள் சில உடைந்து கிடந்தன. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் தங்குகிற மாதிரி செய்து கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஜமால் சார். பேகம்பூர்க்காரர். ஒல்லியான உயரம், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, நெஞ்சில் படும் நரைத்த தாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முழுவதும் கேட்பார். கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். நாம் இன்னொன்று சொல்வோம். "அப்புறம்?" குறை சொல்லச் சொல்ல நம்மிடம் குறை தீர்ந்துபோகும், அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் வழியைத்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் அந்த "அப்புறம்" எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, அவரிடம் போவதற்கு முன்பே இரண்டு மூன்று அப்புறங்களை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சத்திரத்தின் பின்பக்கம் கல் அறுக்கிற இடத்தைச் சுற்றி ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தோம். முகத்தில் சரியாகப் பொருந்துகிற மாஸ்க் இல்லாமல் யாரும் அதைத் தாண்டக் கூடாது என்பது ஜமால் சாரின் உத்தரவு. தாடி இருந்தால் மாஸ்க் பொருந்தாது. ரப்பரின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒவ்வொரு முடியும் ஒரு சந்து. எனவே உத்தரவு போட்டவரே உள்ளே வர முடியாது. அவர் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் வேலை வாங்குவார். கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கயிறு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். ஒருநாள்கூட அவர் ஒரு காலை உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றைத் தலையில் கவிழ்ப்போம். தோள் வரைக்கும் இறங்கும். முன்னால் ஒரு துளை. அதன் வழியாக ரப்பர்ப் பந்தை அழுத்தி இனிப்புத் தண்ணீரைப் பனி மாதிரி அடிப்போம். முதலில் மாஸ்க் இல்லாமல் லேசான தண்ணீர். "இனிக்குது" என்று ஆள் சொல்ல வேண்டும். நாக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு கூடாரத்தை எடுத்துவிட்டு, அறைக்குள் போய்த் தன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வரச் சொல்வேன். மறுபடி கூடாரம், இந்த முறை திக்கான தண்ணீர். சாதாரணமாக மூச்சு விட வேண்டும், ஆழமாக விட வேண்டும், தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும், மேலும் கீழும் ஆட்ட வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், விடாமல் பேச வேண்டும். இத்தனையிலும் இனிப்புத் தெரியாவிட்டால் மாஸ்க் சரி. பேசச் சொன்னால் வெட்கப்படுவார்கள் என்று பஸ் நிறுத்தங்களைச் சொல்ல வைப்பேன். "திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி" என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வரும். கசப்புத் தண்ணீரும் சோதனைப் பெட்டியில் உண்டு. வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றார்கள், இரக்கப்பட்டு இனிப்பையே வைத்துக்கொண்டேன்.

மாணிக்கம் மேஸ்திரிக்குத் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். உடைந்த போதிகைக்குப் பழையதைப் போலவே புதிது செய்ய அங்கே அவரை விட்டால் ஆளில்லை. அந்த வருஷம் கார்த்திகையில் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். அவருடைய படத்தில் மேல்பாகத்தில் இரண்டு பக்கமும் பொடிப் பொடியாகப் புள்ளிகள். காசநோய் இருக்கிறதா என்று சளியைச் சோதித்தோம், இல்லை. டவுனில் நெஞ்சு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஆரம்பந்தான் சிஸ்டர். உள்ள போனது போனதுதான். இனிமே போகாமப் பாத்துக்கிட்டா இந்த மனுஷன் நல்லாவே இருக்கலாம். இப்படியே விட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது." மேஸ்திரியிடம் நான் ஒளிக்கவில்லை, அப்படியே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டார். எனக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது.

மார்கழி பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அவர் மட்டும் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும். பழனிக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் கத்தி படக் கூடாது. கடைசியில் மலையில் போய் மொட்டை போடுவதுதான். ஒரு வாரம் போனதும் முகமெல்லாம் கருகரு என்று வந்துவிட்டது. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; விரதத்தைப் பற்றி நான் பேசினால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயந்து பயந்துதான் மேஸ்திரியிடம் ஆரம்பித்தேன்.

"செரைக்க மட்டும் சொல்லிப்போடாதீங்க சிஸ்டருங்க" என்று அவரே முந்திக்கொண்டார். "என்ற புள்ளைக்கு ரெண்டு வாட்டி தங்கலீங்க. இப்ப அஞ்சு மாசம். இந்த வாட்டியாச்சும் தங்கோணும்னுதான் முருகன்கிட்ட சொல்லிப் போட்டிருக்கறேனுங்க."

அதற்கு மேல் நான் என்ன பேச? எனக்கும் மகள் இருக்கிறாள். "சரி மேஸ்திரி, தாடியோட மாஸ்க் ஒக்காருதான்னு டெஸ்ட் வச்சுப் பாப்போம். ஒக்காரலேன்னா கயித்துக்கு உள்ள விட மாட்டேன்" என்றேன். மாலை போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் சோதனை வைத்தேன். எல்லோரும் தோற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்வதைவிட நாக்குக்குத் தெரிந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

ஒருவர் பாக்கி இல்லாமல் தேறிவிட்டார்கள்.

மாஸ்க் இல்லாதபோது முதல் பனியிலேயே இனிக்கிறது என்றவர்கள், மாஸ்க் போட்ட பிறகு நான் பந்தை அழுத்தி அழுத்திக் கை வலித்தும், பழனி வரைக்கும் நிறுத்தம் சொல்லித் திரும்ப ரெட்டியார்சத்திரம் வந்தும், ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். எனக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முருகனே இறங்கி வந்து அந்தச் சந்துகளை அடைத்துவிட்டாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, வேதக்காரியாக இருந்தும்.

அந்த நேரம் பாண்டி டீ கொண்டுவந்தான். ரோட்டோரக் கடைக்காரன். அவன் டீயில் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்றால், குடித்த தம்ளரில் எறும்பு வரிசை கட்டும். எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து வாங்கினார்கள். மேஸ்திரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க பாண்டி, சக்கரை போட மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது?"

பக்கத்தில் இருந்த இன்னொரு தாடிக்காரர், "ஆமாலே, சப்புன்னு இருக்கு" என்றார். அதற்கு அடுத்தவரும் தலையாட்டினார்.

பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, டப்பாவையே கவுத்துக் கொண்டாந்திருக்கேன், சக்கரை இல்லையாம்ல! நாக்க என்ன அடகு வச்சிட்டியளா?"

தாடி இல்லாதவர் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு, "பாகு மாதிரி இருக்குப்பா" என்றார். நான் என் தம்ளரைக் குடித்தேன். பாகுதான். நிமிர்ந்து பார்த்தேன். மாலை போட்டவர்களுக்கெல்லாம் சர்க்கரை இல்லை, போடாதவர்களுக்கெல்லாம் திகட்டுகிறது. வரிசையில் ஒவ்வொரு முகமாக என் கண் போகப் போக ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். நேரே மாஸ்க் வைத்திருந்த அறைக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு வாழை இலைத் துண்டில், பறித்த இலைகள் மிச்சம் கிடந்தன. சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றில் மெல்லுவது. அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பு ஏறாது; சீனியை அள்ளிப் போட்டாலும் மணல் மாதிரி இருக்கும். முதல் சோதனையை முடித்துவிட்டு, மாஸ்க் மாட்டப் போன இடத்தில் ஆளுக்கு இரண்டு இலை மென்றுவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை ஏமாற்றினார்கள் என்பதற்காக இல்லை. தன் நுரையீரலைத் தானே ஏமாற்ற இவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறார்களே என்று. அதிலும் எக்ஸ்ரேயில் புள்ளி விழுந்த மனிதர் முதல் ஆளாக.

ஜமால் சாரிடம் போய்க் கொட்டினேன். "அப்புறம்?" என்றார். இலையை நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார், தாடிக்குள் லேசாகச் சிரித்தார், உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார். கயிறு வரைக்கும் நடந்துபோய் வெளியே நின்றபடி மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, என்னையப் பாருங்க. நானும் தாடிக்காரன். அதனாலதான் கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். எனக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டம்னு நான் வைக்கலையே?"

மேஸ்திரி கயிறு வரைக்கும் வந்தார். பிறகு மரியாதை குறையாமல், ஆனால் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க அந்தப் பக்கம் நின்னா சம்பளம் வருமுங்க. நாங்க நின்னா வருமுங்களா?"

ஜமால் சாரிடம் அன்று "அப்புறம்" வரவில்லை. எனக்கும் சுருக்கென்றது. தாடியை எடு, இல்லாவிட்டால் வெளியே நில் என்று சொல்லிவிட்டு, என் கடமை முடிந்ததாகத்தானே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

கம்பெனி மேனேஜருக்கு விஷயம் போனது. அவர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார். "என் சொந்தப் பொறுப்பில் வேலை செய்கிறேன்னு ஆளுக்கு ஒரு கையெழுத்து வாங்கிட்டு உள்ள விடுங்க. தைப்பூசம் நெருங்குது." ஜமால் சார் அமைதியாக, "வாங்கலாம் சார். ஆனா தூசி கையெழுத்தப் படிக்காதே" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. "நாளைக்குக் காலைல மிஷின் ஓடாது சார். ஒரு வழி பண்ணிட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

மறுநாள் காலையில் கயிற்றுக்கு வெளியே, மரத்தடியில், ஜமால் சார், மேஸ்திரி, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மிஷின் சத்தம் இல்லாத அந்த இடம் வித்தியாசமாக இருந்தது. ரோட்டில் போகும் காவடிக்காரர்களின் மேளம் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி ஊத்தி அறுத்தா தூசி பறக்காதுங்க. பட்டறைல அப்படித்தானுங்க அறுக்கறது" என்றார் மேஸ்திரி.

"அப்புறம்?"

"இங்க ஊத்துனா பழைய சுண்ணாம்புச் சந்துல தண்ணி எறங்கி, உப்புப் பூத்துக் கல்லு உதிரும்னு நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க."

"ஆமா, சொன்னேன். அப்புறம்?"

"அப்ப கல்லக் கட்டடத்துக்குப் பக்கத்துல வச்சுத்தான் அறுக்கணுமா?" என்று நான் இடையில் புகுந்தேன். "தள்ளிக் கொண்டுபோயி அறுத்தா என்ன?"

மேஸ்திரி என்னைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "ஒட்டிப் பாத்து ஒட்டிப் பாத்துச் சீவோணுமுங்க சிஸ்டரு. பழைய கல்லு ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. வச்சுப் பாத்து, இடிக்கற எடத்த அங்கயே மிஷின்ல ரெண்டு இழுப்பு இழுத்து, மறுக்கா வைக்கோணும்."

அந்த "அங்கேயே ரெண்டு இழுப்பு"தான் ஆளைக் கொல்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜமால் சார், "அளவெடுக்கத் தகரம் வெட்டினா?" என்றார். மேஸ்திரி யோசித்தார். தகரத்தில் பழைய கல்லின் உருவத்தை வெட்டி எடுத்துக்கொள்வது. உட்காருகிற இடத்தில் காவிக் குழம்பைத் தடவி, கல்லை ஒருமுறை வைத்து எடுத்தால் இடிக்கிற இடமெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சிவப்பை மட்டும் தள்ளிப்போய் ஈரத்தில் வைத்துச் சீவுவது. காவி தடவிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்த பழைய முறைதான். ஒவ்வொரு தடவையும் சங்கிலிக் கப்பியில் ஏற்றி இறக்க வேண்டும் என்பதால், மிஷின் வந்த பிறகு எல்லோரும் விட்டிருந்தார்கள்.

"நேரமாகுமுங்க" என்றார்.

"ஆகட்டும்" என்றார் ஜமால் சார்.

மூன்றாம் நாளே சத்திரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று எங்கள் பக்கம் வீசாத மூலையில் கொட்டகை போட்டோம். மிஷினின் தகட்டில் தண்ணீர் விடாமல் விழுகிற மாதிரி குழாய் இணைத்தோம். போர்வெல்லில் தண்ணீர் பத்தாது. டேங்கர் வாங்கி, ஓடுகிற தண்ணீரைக் குழிகளில் தேக்கித் தெளியவைத்துத் திரும்ப எடுத்தோம். சேற்றைக் காயவிடாமல் ஈரமாகவே சாக்கில் அள்ளினோம். கூட்டுகிற வேலம்மாளிடமிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். "தொடப்பத்தப் புடுங்கிட்டா நான் எதுக்கு இங்க?" காய்ந்த தூசியைக் கூட்டுவது அறுப்பதைப் போலவே கெடுதல். அவளுக்கு அதுவரை யாரும் ஒரு மாஸ்க்கூடக் கொடுத்திருக்கவில்லை, கூட்டுகிறவள்தானே என்று. அவள் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தோம். மறுநாள் முதல் அவளைப் பிடிக்க முடியவில்லை. நனையாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது.

வேலையையும் பிரித்துக் கொடுத்தார் ஜமால் சார். முகம் மழித்தவர்கள் மாஸ்க்கோடு மிஷினில். மாலை போட்டவர்கள் தகரம் வெட்டுவது, காவி பார்ப்பது, கப்பி ஏற்றுவது, சுண்ணாம்புப் பூச்சு. மேஸ்திரி மட்டும் தனியாக, வேறு யாரும் நுழையாதபடி நீலக் கயிறு கட்டிய ஒரு பந்தலில், ஈரக் கல்லில் உளி. யாருக்கும் ஒருநாள் சம்பளமும் குறையவில்லை. மேஸ்திரி கேட்ட கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லவே இல்லை, இதுதான் பதில்.

ஆனால் பயம் எனக்குத்தான். பந்தலில் மேஸ்திரி மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். தூசி கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததுதானே எதிரி என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில், காற்றை உறிஞ்சும் சின்னக் குழாயை மாட்டி, இடுப்பில் பம்ப்பைக் கட்டினேன். நாள் முழுக்க வண்டு மாதிரி முனகிக்கொண்டிருக்கும். "என்னங்க சிஸ்டரு, பேய் புடிச்சவனாட்ட ஒண்ணக் கட்டிவிட்டுட்டீங்க" என்று சிரித்தார். குழாயின் நுனியில் தூசி படிகிற வடிகட்டி வில்லையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அவரை உளி பிடிக்கவிடாமல் தகரம் வெட்டவே வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்.

பதில் வந்தது. சட்டம் சொல்கிற எல்லைக்கு நன்றாகக் கீழே. மாதா கோயில் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜமால் சாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பந்தலைச் சுற்றியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பாதி முடிந்திருந்த போதிகையின் வளைவைக் கையால் தடவிப் பார்த்தார். இரண்டு தாடிக்காரர்களும் குனிந்து ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்குச் சத்திரம் முழுதாக முடியவில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் திறந்தோம். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தக் கிழக்குப் பக்கத்தில் இரவு தங்கியவர்கள் போதிகையில் எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் நடந்துபோய் மொட்டையும் மழித்த முகமுமாகத் திரும்பினார்கள். யார் எவர் என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை. மறுபடி எல்லோருக்கும் சோதனை வைத்தேன். இந்த முறை கசப்புத் தண்ணீர். "இனிப்பாச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க" என்றேன். சித்திரையில் மேஸ்திரியின் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. எனக்கும் இனிப்பு வந்தது.

அடுத்த வருஷம் நான் ஓய்வுபெற்றேன். கம்பெனி வேறு ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேஸ்திரி சொந்தமாகக் கூலிக்கு எடுத்துச் செய்தார். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு மண்டபத்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அங்கே கல்லெல்லாம் தண்ணீர் விடாத மிஷினில்தான் அறுக்கிறார்கள்.

"தண்ணி வையுங்க, வாரேன்னு சொல்லிப் போட்டு வந்துட்டேனுங்க" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள், பயந்துபோனேன். வீட்டில் பேரப்பிள்ளை, மகள், மருமகன் என்று பெரிய குடும்பம். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தால் அடுப்பு அணைந்துவிடுமோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்கள் வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்களாம். போதிகை போதிகையாக வரவில்லை. ஒரு மாதம் கழித்து மேஸ்திரிக்குப் போன் வந்தது: தொட்டி கட்டியாயிற்று, வரவும். மேஸ்திரி போனதோடு நில்லாமல், அங்கே கூட்டுகிற பெண்களுக்கும் குழாய் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே நெஞ்சு டாக்டர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். ஒரு விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்குப் போய் வந்தார்.

"அப்படியே இருக்கு" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷ வேலையில் எனக்கு இதைவிட நல்ல செய்தியை எந்த டாக்டரும் சொன்னதில்லை. மேஸ்திரி பயந்துபோய்விட்டார். என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, கொறையவே இல்லீங்களா?"

"கொறையாது மேஸ்திரி. அது எப்பவும் கொறையாது" என்றேன். "ஆனா கூடல. ஒரு புள்ளிகூடக் கூடல."

அவர் வெளிச்சப் பெட்டிக்குக் கிட்டே போய்த் தன் நெஞ்சைத் தானே நெடுநேரம் பார்த்தார். கல்லில் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாரே, அப்படி. பிறகு தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அப்பச் செரீங்க. திங்கக்கெழம வேலைக்குப் போறேனுங்க."